மாடிக்கு வாங்கிய டாய்லெட்

நல்ல குடித்தனக்காரர் கிடைப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிடைத்தவர்களைப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதைவிடக் கஷ்டம். இதை நான் சொன்னால் என் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இதில் என் தப்பு என்ன என்று நீங்களே சொல்லுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு. கீழே நாங்கள், மாடி வாடகைக்கு. முன்பு மாடியில் இருந்தவர் காலி செய்தபோது சீலிங் ஃபேனைக் கழற்றிக்கொண்டு போனார். (கொக்கியை விட்டுவைத்தார். பெரிய மனசு.) அவருக்கும் முன்னால் இருந்தவர் பால்கனியில் புறா வளர்த்தார். அந்த மாடிக்குத்தான் செந்திலும் அவர் மனைவி ரேவதியும் வந்தார்கள். ஓர் ஆணி அடிக்கக்கூட "சார், அடிச்சுக்கலாமா?" என்று கேட்பார்கள். தொட்டி நிரம்பியதும் யாரும் சொல்லாமலே மோட்டாரை நிறுத்துவார்கள். பெற்ற பெண் நித்யாவைவிட அவர்கள்மேல்தான் எனக்குப் பாசம் அதிகம் என்பாள் என் மனைவி கல்பனா. நித்யா ஒரு நாளும் மோட்டாரை நிறுத்தியதில்லை.

ஒரு நாள் செந்தில் கேட் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"சார், அம்மாவுக்கு வேலூர்ல முழங்கால் ஆபரேஷன் ஆயிருக்கு. இனிமே எங்ககூடதான் இருக்கப் போறாங்க. மாடி டாய்லெட்ல அவங்களால குந்தி உக்கார முடியாது. அதுவுமில்லாம..."

அதற்கு மேல் என் காதில் எதுவும் விழவில்லை. வேறு வீடு பார்க்கப் போகிறார்கள். என் கண்முன்னே புறாக்கள் பறந்தன.

"கவலையே படாதீங்க செந்தில். அம்மாவைக் கூட்டிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காகக் கல்பனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் வேலூர் கிளம்பினார்கள். நான் நேராகக் கடைக்குப் போய் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வாங்கிவந்தேன். வெள்ளை வெளேரென்று, ஒரு ராஜா உட்காரலாம் போல இருந்தது.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யுங்களேன்" என்றாள் கல்பனா.

"சொன்னா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?"

பிளம்பர் ஏழுமலை டீக்கடையில் கிடைத்தார். "இதெல்லாம் ஒரு மேட்டரா சார்? சாயங்காலம் வந்து உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு, பழையதைத் தரையோடு பெயர்த்து எடுத்தார். பிறகுதான் புதியதைத் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுக்கு ஓட்டை பின்னால கீது. உங்க பைப்பு தரையில கீது."

"அப்படின்னா?"

"சேராது."

"உடைக்கறதுக்கு முன்னாடி பாத்திருக்கக் கூடாதா?"

"நீ பாத்து வாங்கிக்கினு வந்திருப்பேன்னு நெனைச்சேன் சார்."

(என்ன ஒரு பதில். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.) எப்படியாவது பொருத்துகிறேன் என்று சுவரில் உளியை வைத்து ஒரே அடி. உள்ளே இருந்த தண்ணீர்க் குழாய் பிளந்து அவர் முகத்திலேயே அடித்தது. "ஒரு சாமான் வாங்கியாறேன்" என்று போனவர் போனவர்தான். அவருடைய போன் உடனே அணைந்தது. நான் மொட்டை மாடிக்கு ஓடி வால்வை மூடுவதற்குள், கீழே எங்கள் ஹால் கூரை ஒழுகி, கல்பனா சோபாமேல் வாளி வைத்துவிட்டாள்.

மறுநாள் வரவேண்டியவர்கள் அன்று மாலையே வந்து இறங்கினார்கள். செந்தில் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நனைந்த பேண்டை மடித்துவிட்டுக்கொண்டே இறங்கி வந்தார். திட்டியிருந்தால் தேவலை. அவருடைய அம்மா, வாக்கரைப் பிடித்தபடி, முதல் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, கக்கூஸை மாத்தறது சரி. இந்தப் படிக்கட்டை எப்ப மாத்துவீங்க?"

"மாடியும் ஏற முடியாதுன்னுதான் சார் அன்னைக்கு சொல்ல வந்தேன்" என்றார் செந்தில், மெதுவாக.

கீழே எங்களிடம் ஏற்கெனவே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறது. கல்பனா அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போனாள். அன்று முதல் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். மாடியில்தான் டாய்லெட் கிடையாதே. அதனால் விடிந்ததும் நான் கீழே இறங்கி, என் வீட்டுக் கதவை நானே தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்டு நிற்பேன். சொந்த வீட்டில் இப்படி நின்ற மனிதர் மேற்கு மாம்பலத்தில் வேறு யாராவது உண்டா?

வேறொரு பிளம்பர் வந்து மாடியைச் சரிசெய்து முடித்தார். அதற்குள் கல்பனாவும் அந்த அம்மாவும் சேர்ந்து காய் நறுக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டார்கள்.

"அவங்க கீழயே இருக்கட்டுங்க. நல்ல மனுஷங்க. மாடியில காத்தும் நல்லா வருது" என்றாள் கல்பனா.

"வீட்டு ஓனர் நான்."

"யாரு இல்லைன்னா?"

அடுத்த வருஷம் நித்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கீழ் வீட்டு வாசலில் செந்திலின் அம்மாதான் "வாங்க வாங்க, அவங்க மாடில இருக்காங்க" என்று வரவேற்று அனுப்பியிருக்கிறார். மேலே வந்த பையனின் அப்பா, "இங்க வாடகைக்கு இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யா முந்திக்கொண்டாள்.

"ஆமா அங்கிள். கீழ இருக்கறவங்க ரொம்ப நல்லவங்க. இன்னும் எங்களைக் காலி பண்ணச் சொல்லலை."

முதலில் சிரித்தது கல்பனா. வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் காட்டாததுதான் பாக்கி, மற்ற எல்லாவற்றையும் நான் சொல்லி விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கல்யாணம் நன்றாக நடந்தது. இப்போதும் சம்பந்தி எப்போது போன் செய்தாலும் எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசியில், "உங்க ஓனரம்மா சௌக்கியமா?" என்கிறார்.

சௌக்கியம் என்றுதான் நானும் சொல்கிறேன்.