ஓக் கிரெஸ்டில் மூன்றடிதான்

பக்கத்து ஊர்ச் சட்டத்தில் குடியிருப்பவர் என்றோர் இனம் உண்டு. வீடு இந்த ஊரில், வாக்கு இந்த ஊரில், தீப்பிடித்தால் ஓடிவர வேண்டிய வண்டியும் இந்த ஊருடையது. சட்டம் மட்டும் அவருக்குப் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும்.

எங்கள் லோமா செர்ராவில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி வாரன் ட்ரெஸ்லர். மலையடிவாரத்திலிருக்கும் எங்கள் தெருவைக் காட்டுத்தீ அபாயப் பகுதியென்று நகரசபை வரைபடத்தில் சிவப்படித்து, வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் செடி, மரவேலி, விறகு எதுவும் கூடாதென்று அறிவித்த அன்றே மனிதர் எதற்கு எந்தப் பக்கத்து ஊரைக் காட்டுவதென்று அட்டவணை போட்டுவிட்டார். செடிக்கு ஓக் கிரெஸ்ட்; அங்கே மூன்றடிதான். மரவேலிக்கு சான் லசாரோ, அங்கே கேட்பாரில்லை. விறகுக்கு, மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் விதியே எழுதாத ஏதோ ஓர் ஊர். ஓக் கிரெஸ்டில் வருடத்துக்கு இரண்டு முறை வீடு வீடாகச் சோதனை போடுகிறார்களே, அது அட்டவணையில் இருந்ததா? அதை எழுத இடமில்லாமல் போய்விட்டதாம்.

சட்டென்று தீப்பற்றிக்கொள்ளும் அவருடைய ஜூனிப்பர் புதர் வரிசை எல்லையோரமாக, அடுத்த வீட்டு லூபேயின் படுக்கையறைச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. லூபே பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள்.

"வாரன், என் பக்கம் எல்லாத்தையும் புடுங்கிட்டு ஜல்லி போட்டுட்டேன். உங்க புதர் என் ஜன்னலத் தொடுது. வெட்டிடுங்களேன்."

"ஓக் கிரெஸ்ட்ல மூணடிதான், தெரியுமா?"

"நான் என்ன ஓக் கிரெஸ்ட்லயா படுத்துத் தூங்குறேன்?"

"அதத்தான் நானும் கேக்குறேன். நமக்கு மட்டும் ஏன் இந்தக் கொடுமை?"

சோதிக்க வந்த தீயணைப்பு அதிகாரிக்கும் முக்கால் மணி நேரம் அட்டவணைப் பாடம் நடந்தது. புதரை வெட்டச் சொல்லி அவர் நோட்டீஸ் கொடுத்ததும் மேல்முறையீடு. விசாரணைக்கு நவம்பரில் தேதி கொடுத்தார்கள். மலைக்காற்று அக்டோபரிலேயே வந்துவிட்டது.

மலையில் தீப்பிடித்த அன்று நண்பகலில் எல்லோருடைய கைப்பேசியும் ஒன்றாக அலறியது: உடனே வெளியேறவும். லூபே பூனையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாரன் நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "ஓக் கிரெஸ்டுக்கு வெறும் எச்சரிக்கதான்! நமக்கு மட்டும் உத்தரவா?"

பறந்து வந்த தணல் அந்த ஜூனிப்பரில் விழுந்தது. புதர் எரிந்து, ஜன்னல் வெடித்து, லூபேயின் வீடு மாலைக்குள் தரைமட்டம். காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் வாரன் வீட்டில் ஒரு கீறல் கிடையாது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

நான்காம் நாள் சாம்பலில் நின்றிருந்த லூபேயிடம் வாரன் வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"மனசு கஷ்டமா இருக்கு லூபே. ஆனா ஒண்ணு பாருங்க. ஓக் கிரெஸ்ட்ல ஏழு வீடு போயிடுச்சு. நம்ம ஊர்ல ஒண்ணே ஒண்ணுதான்."

"அந்த ஒண்ணு என்னுது, வாரன்."

இந்த ஆளைப் பற்றிப் படித்து முடித்ததும் உங்கள் மனதில் என்ன ஓடுகிறது? நல்லவேளை, எங்கள் தெருவில் இந்த அளவுக்கு மோசமில்லை என்றுதானே? பார்த்தீர்களா, நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்கள்.