டெல்வர்டனில் ஐந்து அறை வீடு

அப்பா கனடாவை விட்டுப் போவதென்று முடிவெடுத்தது இரண்டு கத்தரிக்காயால்.

சனிக்கிழமை தமிழ்க் கடைக்குப் போய்வந்தவர் பையை மேசையில் வைக்கவில்லை. களவெடுத்தவனை நீதவான் முன்னால் நிறுத்துவதுபோல நிறுத்தினார்.

"மலர், உது கத்தரிக்காயோ, கார்ச் சாமானோ?"

அம்மா எடுத்துப் பார்த்தா. "காம்பு இருக்கு. கத்தரிக்காய்தான்."

"அப்ப ஏன் டயர் விலை சொல்லுறான்? போதும். எனக்கு ரொறன்ரோ போதும். நாங்கள் டெல்வர்டனுக்குப் போறம்."

டெல்வர்டன் ஒஹாயோவில் இருக்கிற ஒரு சின்ன நகரம். எங்கள் வீட்டிலிருந்து காரில் ஆறு மணித்தியாலம். அப்பா வேலை செய்கிற போத்தல் மூடிக் கொம்பனிக்கு அங்கே ஒரு கிளை இருக்கிறது. அங்கே போக ஒரு சூப்பர்வைசர் வேண்டும், விசாவெல்லாம் கொம்பனியே எடுத்துத் தரும் என்று மனேஜர் கேட்டிருந்தாராம். அன்றிலிருந்து அப்பா யூடியூப்பில் டெல்வர்டனைத் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை. யாரோ ஒரு மனிசன் கடை கடையாகப் போய் முட்டை விலையும் பால் விலையும் காட்டுவான். மற்ற வீடுகளில் அப்பாமார் கிரிக்கெட்டுக்குக் கை தட்டுவார்கள். எங்கள் அப்பா வெங்காயத்துக்குக் கை தட்டுவார்.

"டெல்வர்டனில வீட்டு வரி அரைவாசி. டெல்வர்டனில பார்க்கிங் சும்மா. டெல்வர்டனில செத்தாக்கூடச் செலவு குறைவு, தெரியுமோ?"

"அப்ப நீங்கள் முதல்ல போய்ப் பாருங்கோவன்," என்றா அம்மா.

இதை எழுதுகிற நான் அட்சயா. வயது பதினெட்டு. பள்ளிக்கூடத்தைப் போன வருசத்தோடு விட்டுவிட்டேன். வகுப்பில் நித்திரை கொள்வதைவிடச் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி கட்டிக் கொடுப்பது மேல். சம்பளமாவது தருகிறார்கள். ஆனால் அந்தச் சம்பளத்தில் ரொறன்ரோவில் கார் ஓட முடியாது. கார் வாங்கலாம், இன்சூரன்ஸ் கட்டத்தான் கிட்னியை விற்க வேண்டும். டெல்வர்டனில் கார் இன்சூரன்ஸும் மலிவாம். "அங்க போனா உனக்கொரு கார், பிள்ளை," என்றார் அப்பா. அந்த நிமிடமே நான் அப்பா கட்சி. ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்பா போக நினைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். சண்முகலிங்கம் மாமா.

அப்பாவின் அக்கா புருசன். ரிட்டயர் ஆகிவிட்டார். ஞாயிறு பதினொன்றரைக்கு எங்கள் பெல் அடிக்கும். மாமி அம்மாவோடு கதைப்பா, பாவம், நல்ல மனிசி. மாமா நேரே போய் அப்பாவின் சாய்கதிரையில் இருப்பார். ரிமோட்டை எடுப்பார். ஆட்டிறைச்சிக்கு உப்புப் பார்ப்பார். பிறகு அப்பாவுக்கு வாழ்க்கை நடத்துவது எப்படி என்று சொல்லித் தருவார். அப்பா "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கே கழுத்துக்குப் பிசியோதெரப்பி எடுக்க வேண்டும்.

ஒரேயொரு ஆறுதல். இரவு எட்டு மணிக்கு மாமா போய்விடுவார். போகத்தானே வேண்டும், படுக்க இடமில்லை. ரொறன்ரோவின் ஓரத்தில், ரூஜில் இருக்கிற எங்கள் வீடு ஒல்லி வீடு. கொட்டாவி விட்டுக் கையை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவரில் முட்டும். மேலே மூன்று அறை. ஒன்று அப்பா அம்மாவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று சாமிக்கு. நிலத்துக்குக் கீழே இருக்கிற பேஸ்மென்ட் வாடகைக்கு. சாமியை எழுப்பிவிட்டுப் படுக்க மாமாவுக்கே துணிவு வரவில்லை.

சரி, கதைக்கு வருவோம். அம்மா மறுப்பா என்று அப்பாவுக்குத் தெரியும். அதனால் கேள்விகளை ஊகித்து, பதில்களைக் குளிக்கும்போது பாடமாக்கினார். சத்தமாக. முழு வீட்டுக்கும் கேட்டது.

"குளிரோ? ரொறன்ரோவைவிட ஒரு ஜக்கெட் குறைவு! கோயிலோ? ஒரு மணித்தியால ஓட்டம், பார்க்கிங் சும்மா! சொந்தக்காரரோ? பெரிய வீடு, வாறவை வந்து நிக்கட்டும்!"

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து அம்மா முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "மலர், எல்லாத்துக்கும் என்னட்ட மறுமொழி இருக்கு. கேளும்."

அம்மா போஞ்சிக்காய் வெட்டுவதை நிறுத்தவில்லை. "எத்தினை அறை?"

"ஐஞ்சு!"

"அப்ப போவம்."

அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. இவ்வளவு பாடமாக்கிக்கொண்டு போய், சோதனை இரத்து என்றால் எப்படியிருக்கும்? எனக்கு அப்போதே சந்தேகம். மூன்று பேருக்கு ஐந்து அறை, கூட்டுகிறது யார் என்றுகூட அம்மா கேட்கவில்லை. அப்பாவுக்குச் சந்தேகமில்லை. அவருக்கு வெற்றி.

"ஒண்டு சொல்லிப்போட்டன். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. எங்கட சனம் கேள்விப்பட்டால் பஸ் பிடிச்சு வரும். பிறகு டெல்வர்டனிலயும் கத்தரிக்காய் ஏறியிடும்."

"நான் ஏன் சொல்லுறன்?" என்றா அம்மா. "ஆனா ஒரு விசயம். வீட்டை விக்கிறதெண்டா உந்தக் குசினியோட விக்கேலாது."

எங்கள் குசினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு அலுமாரிக் கதவு ரப்பர் பாண்டில் நின்றது. இன்னொன்று நம்பிக்கையில் நின்றது. சிங்க்குக்குள் இடியப்பச் சட்டி இறங்காது, அம்மா அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவுவா. திருத்தித் தாருங்கோ என்று அம்மா கேட்கத் தொடங்கியபோது எனக்குப் பால்பல் விழவில்லை. "உள்ளது நல்லாத்தானே இருக்கு" என்பதுதான் அப்பாவின் பதில், எப்போதும்.

"சரியாச் சொன்னீர்!" என்று துள்ளினார் இப்போது. "விக்கிற வீடுகளின்ர படத்தைப் பாரும். எல்லாம் வெள்ளைக் குசினி. நல்லாச் செய்தாத்தான் நல்ல விலை."

"வேண்டாமப்பா, செலவு."

"உமக்கு விளங்காது. உது உமக்கில்லை. வாங்கிறவவுக்கு. வாங்கிறவவுக்குப் பிடிக்க வேணும்!"

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அப்பாவுக்கு வேகம் ஏறியது. பளிங்கு மாதிரிக் கல் மேடை. "ஐயோ வேண்டாம்." பொருத்தியாயிற்று. மெதுவாக மூடுகிற லாச்சி, அதுதான் இழுப்பறை. "ஏன் வீணா?" அதுவும் பொருத்தியாயிற்று. பழையதை உடைத்து வெளியே கொண்டுபோனது நான், பெயின்ட் அடித்தது நான். காரை நினைத்து அடித்தேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இடைக்கிடை சின்னச் சின்ன யோசனை மட்டும் சொன்னா.

"வாங்கிறவ எங்கட ஆளா இருந்தா இடியப்பச் சட்டி இறங்கிற சிங்க் தேடுவா."

"அதுவும் சரிதான்," என்றார் அப்பா.

"வாங்கிறவ கட்டையா இருந்தா? தட்டைக் கொஞ்சம் பதிவா, கைக்கு எட்டிற மாதிரி அடிக்கச் சொல்லுங்கோ."

"கட்டையான ஆக்களும் வீடு வாங்கினம்தானே."

"வாங்கிறவ இடக்கைக்காரியா இருந்தா, கரண்டி லாச்சி இந்தப் பக்கம்..."

ஏணியில் நின்ற நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா ஐந்தடி இல்லை. அம்மா இடக்கை. பெயின்ட் தூரிகையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அப்பா கட்சியில் இருந்தாலும் எனக்கும் இடியப்பம் விருப்பம்.

பிறகு நிலத்துக்கு மாபிள் கல் பதிக்க வேண்டி வந்தது. மூலையில் நின்ற டீப் பிரீசரை எடுக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுக் கிளடிஸ் அக்கான்ர கராஜில வைப்பமே?" என்றா அம்மா.

"வையும்," என்றார் அப்பா. அவர் செய்த தவறு அதுதான். எங்கள் சனம் கட்டிலை விற்கும், காரை விற்கும். டீப் பிரீசரை மட்டும் வாசல் தாண்ட விடாது. அது வெளியே வருகிறதென்றால் ஒரேயொரு அர்த்தம்தான். பிரீசரின் ஒரு பக்கம் நான் தூக்கினேன், மற்றப் பக்கம் அம்மா. கிளடிஸ் அக்கா கராஜ் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றா.

"மலர்! என்ன, வீடு மாறப் போறியளோ?"

"ஐயோ அக்கா, அதை நான் சொல்லக்கூடாது."

"இஞ்ச கிட்ட, விட்பிக்கோ?"

"அவர் ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாமெண்டவர்."

"அதைவிடத் தூரமோ?"

"போடர் தாண்டின விசயமெல்லாம், ஒஹாயோவில ஐஞ்சு அறை வீடெல்லாம், நான் எப்பிடியக்கா வாயால சொல்லுறது?"

அம்மா சொல்லவேயில்லை. நான் சாட்சி. நாங்கள் பிரீசரை நிலத்தில் வைக்க முதல் கிளடிஸ் அக்கா கையில் போன் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குசினி முடிந்திருந்தது. பளபளவென்று, பல் வைத்தியரின் அறை மாதிரி. அன்றைக்குப் பெல் பத்து மணிக்கே அடித்தது.

"தியாகு!" சண்முகலிங்கம் மாமா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "கேள்விப்பட்டன்ரா. ஒஹாயோவாம்!"

அப்பா புதுக் குசினியின் நிறத்துக்கு வந்துவிட்டார். "அது... அத்தான்... ஆர் சொன்னது?"

"ஊர் முழுக்கத் தெரியும். ஐஞ்சு அறையாமே?" மாமா அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "இஞ்ச உன்னோட ஆறுதலா நாலு கதை கதைக்க இடமிருக்கே? எட்டு மணிக்கு எழும்பி ஓட வேண்டிக் கிடக்கு. இனி அந்தப் பிரச்சினை இல்லை. வருசத்தில ஆறு மாதம் கனடாக்காரர் சும்மா போய் நிக்கலாமாம். விசாரிச்சிட்டன்."

"ஆறு மாதம்..."

"தொடர்ச்சியா!"

அப்பா சுவரைப் பிடித்தார். "அங்க சரியான குளிர், அத்தான்."

"ரொறன்ரோவைவிட ஒரு ஜக்கெட் குறைவு," என்றா அம்மா, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு.

"கோயில் ஒண்டும் கிட்ட இல்லை, அத்தான். நீங்கள் வெள்ளிக்கிழமை தவறாத ஆள்."

"ஒரு மணித்தியால ஓட்டம். பார்க்கிங் சும்மா."

"மலர்!"

"பெரிய வீடுதானே, வாறவை வந்து நிக்கட்டும் எண்டு இவரே சொன்னவர், அண்ணை. கீழ ஒரு அறை குளியலறையோட இருக்கு. உங்கட முழங்காலுக்குப் படியேறத் தேவையில்லை. இவற்ர சாய்கதிரையையும் அங்கேயே போட்டுவிடலாம்."

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே. "பார்த்தியே, சொந்தத் தம்பிகூட இப்பிடி நினைக்கமாட்டான்."

அப்பா என்னைப் பார்த்தார். தண்ணீரில் தாழ்கிறவன் பார்க்கிற பார்வை. நான் என்ன செய்ய? கார் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"அத்தான், நாங்கள் போகேல்ல!" என்று கத்தினார் அப்பா. "யோசிச்சுப் பார்த்தம். அட்சயான்ர படிப்புக் குழம்பிப் போகும்."

நான் படிப்பை விட்டு ஒரு வருசம். வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் ஒரு வாழைப்பழ வாய்ப்பனைத் திணித்தா.

"என்ன படிக்கிறாள்?" என்றா மாமி ஆசையாக.

"செப்டம்பரில கொலிச் தொடங்குது, மச்சாள்," என்றா அம்மா. "தகப்பன் பிள்ளைக்காக அமெரிக்காவையே விட்டிட்டு நிக்கிறார். அவள் போகாமல் விடுவாளே?"

வாய்ப்பன் தொண்டையில் நின்றது. காரும் போச்சு, சுதந்திரமும் போச்சு.

திங்கட்கிழமை அப்பா மனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தார். வந்து புதுக் குசினியில் தாடையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். பிரீசர் கிளடிஸ் அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்து மூலையில் உறுமிக்கொண்டிருந்தது. கூட்டாளியைத் தட்டிக்கொடுப்பதுபோல அம்மா அதை ஒருக்காத் தடவினா. பிறகு அதே டயர் விலைக்கு வாங்கின இன்னும் இரண்டு கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினா.

"இவ்வளவு காசைக் கொட்டி," என்று பெருமூச்சு விட்டார் அப்பா. "கல்லு மேடை, லாச்சி, சிங்க்... எல்லாம் வாங்கிறவவுக்கெண்டு பார்த்துப் பார்த்துச் செய்தன். இனி ஆருக்கு?"

அம்மா இடக்கையை நீட்டினா. எட்டவும் தேவையில்லை, பார்க்கவும் தேவையில்லை, தட்டிலிருந்த மிளகாய்த்தூள் போத்தல் கைக்குள் வந்தது.

"கவலைப்படாதேங்கோ. வாங்கிறவவுக்கு நல்லாப் பிடிச்சிருக்காம்."