மொட்டைத் தலை டிரான்சிஸ்டர்

மண்டபத்து மேனேஜர் ரிப்பேருக்குக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரைத் திறந்ததுமே ரேடியோக்காரருக்கு வியர்த்துவிட்டது. உள்ளே டிரான்சிஸ்டர்கள் எல்லாம் மொட்டைத் தலையோடு நின்றன. எது எந்த ரகம் என்று சொல்லும் நம்பர் ஒன்றிலும் இல்லை.

"சாயங்காலம் கூட்டம் இருக்கு. இது பாடலைன்னா, இனிமே மண்டபத்து வேலை பூரா எதிர்க்கடை மீசைக்காரருக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

ரேடியோக்காரர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மண்டபத்தால்தான்.

"நம்பரை யாருங்க அழிச்சது?" என்றாள் மனைவி, பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து.

"நான்தான். மீசை எந்நேரமும் இங்கயே பாக்கறான். இந்த செட்டைக் காப்பியடிக்கப் பாக்கறான். அதான் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உப்புத்தாள் போட்டுத் தேச்சேன்."

"உங்களுக்காவது ஞாபகம் இருக்குல்ல?"

அவர் மீட்டரைத் தேடி எடுத்தார். கையில் இருந்த ரகங்களையெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு, இனிமையாகப் பாடியதும் நிறுத்தி, அவரே கட்டிய செட் அது. எதில் நிறுத்தினார் என்பது உப்புத்தாளோடு போயிற்று. மீட்டர் வைத்தால் என்பிஎன் வகையா பிஎன்பி வகையா என்றாவது தெரியும். செத்துப்போயிருந்த ஒரு டிரான்சிஸ்டரோ, எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி 'பீப்' என்றது.

குத்துமதிப்பாக ஒரு என்பிஎன்னைப் போட்டார். ஃபியூஸ் போயிற்று. சரி, பிஎன்பிதான் என்று அதைப் போட்டார். புகை வந்தது, பக்கத்து டிரான்சிஸ்டரும் சேர்ந்து போயிற்று. அதுவும் மொட்டைதான்.

"தேய்க்கறப்ப என்னைக்கூட வெளிய போகச் சொன்னீங்களே. நான் பாத்திருந்தா இப்ப சொல்லியிருப்பேன்."

"நீ அவன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லியிருப்பே."

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினார். அந்தக் கடைக்காரர் மேலும் அவருக்குச் சந்தேகம். மீசைக்கு மச்சான் முறை. "மூணு கால் இருக்குமே, அது ஒண்ணு குடுங்க" என்றார் மெதுவாக.

"எல்லாத்துக்கும் மூணு காலுதாங்க. ஜப்பான் நம்பர்ல, பி-யில ஆரம்பிச்சா பிஎன்பி, டி-யில ஆரம்பிச்சா என்பிஎன். முதல் எழுத்தையாவது சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்" என்றார், தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு.

தெருவில் வந்து நின்றபோதுதான் புத்தி வேலை செய்தது. இத்தனை நாள் வேவு பார்த்த மீசை, நம்பரை மனப்பாடமே பண்ணியிருப்பான். மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவன் கடைப் படியேறினார்.

மீசைக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என் செட்டை நீங்க பாத்தீங்கதானே? கோபமில்லை, உள்ளதைச் சொல்லுங்க."

"பாத்தேன்" என்றார் மீசைக்காரர்.

ரேடியோக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப நம்பரைச் சொல்லுங்க."

மீசைக்காரர் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவிதான் வந்தாள்.

"அவரு என்னத்தைச் சொல்லுவாரு அண்ணே? நீங்க பாதி ஷட்டர்ல தேய்ச்சதைக் குனிஞ்சு பாத்துட்டு வந்து, அப்படித் தேய்ச்சாத்தான் இனிமையாப் பாடும்னு, கடையில இருந்த அத்தனை டிரான்சிஸ்டரையும் தேய்ச்சு முடிச்சிட்டாரு."