என் சனிக்கிழமை ஆறு மணியைப் பறித்தவர் பற்றி

தாம்பெரே,
செப்டம்பர், ஞாயிறு மதியம்

அன்புத் தங்கை ஹெல்காவுக்கும், நம் குடியிருப்புச் சங்கத்தின் மாண்புமிகு தலைவி ஹெல்கா அம்மையாருக்கும், மூன்றாம் மாடி அண்ணன் வொய்த்தோ எழுதிக்கொள்வது. இருவரும் ஒருவரே என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தக் கடிதத்தைத் தங்கையாக ஒருமுறையும் தலைவியாக ஒருமுறையும் படி. முழங்காலைத் தவிர நான் நலம். ஏரிக்கரை வீட்டில் நீ காளானும் கையுமாக நலமாக இருப்பாய். போனை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் உன் வழக்கத்தால் தபால்தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். உன் கணவர் ரெய்யோ என் சனிக்கிழமை மாலை ஆறு மணி சௌனா முறையை அழித்துவிட்டார். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் மன்னித்திருப்பேன். நல்லெண்ணத்தோடு செய்திருக்கிறார்.

சனிக்கிழமை ஆறு மணி என்றால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லைக் காயவைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கக் கட்டடத்துக்கு ஒரே சௌனா, வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம். அதில் சனிக்கிழமை ஆறு மணிதான் அரியாசனம். கல் நன்றாகக் காய்ந்திருக்கும், பகல் வேலையெல்லாம் முடிந்திருக்கும், வெளியே வந்தால் சாப்பாட்டுக்கும் நேரம் சரியாக இருக்கும். அது முதல் மாடி அர்மாஸ் காலமான பிறகு எனக்கு வந்தது. அவருடைய இறுதிச் சடங்கில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் என் காதருகே வந்து, “பாவம் நல்ல மனுசன். ஆமா, அந்த ஆறு மணி யாருக்கு?” என்று ஆரம்பித்தார்கள். வரிசையில் முதலாவதாக நான் இருந்தேன். நின்றேன், பெற்றேன், ஒரு சனிக்கிழமைகூடத் தவறவிட்டதில்லை.

இப்போது நிலவறைக்கு வா. அங்கே இருக்கும் பெட்டிகளை நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொடுத்தாய், எதற்கென்று ஒருநாளும் கேட்கவில்லை, ஆகையால் சொல்கிறேன். போர் வந்தால் நாமெல்லாம் ஒளிய வேண்டிய பதுங்கிடத்தில், இரும்புக் கதவுக்கு உள்ளே, பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் யாருடையது என்றே தெரியாத தொட்டிலுக்கும் நடுவில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. கதவோரம் இருப்பது லினக்ஸ் ஓடும் கணினி. அதற்குள் மெய்நிகர் கணினிகள், அதாவது உடம்பில்லாத கணினிகள், குடித்தனம் நடத்துகின்றன. அவற்றில் ஒன்றுதான் சௌனா முறைகளைப் பார்த்துக்கொள்கிறது, வாசல் பலகையில் பெயரைக் காட்டுகிறது, பூட்டைத் திறந்துவிடுகிறது. மூலையில் இருப்பது சேமிப்புப் பெட்டி. அதற்குள் வட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு நெட்வொர்க் கேபிள். உடம்பே இல்லாத கணினிக்கு வட்டு ஏது? சேமிப்புப் பெட்டி தன் வட்டில் ஒரு துண்டை நறுக்கிக் கேபிள் வழியாக நீட்டும். வாங்கிக்கொண்ட கணினி அதைத் தன் வயிற்றிலேயே பிறந்த வட்டு என்று நம்பும். கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறதென்று அதற்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இதையெல்லாம் காகித ஆலையில் திருகுமறை முடுக்கிக்கொண்டிருந்த நான் நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகக் கற்றேன். ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தத் துண்டு பொது அலமாரி அல்ல, வருகிறவர் போகிறவரெல்லாம் ஆளுக்கொரு கோப்பை எடுத்துக்கொள்வதற்கு. அது ஒருவருக்கு என்றால் ஒருவருக்குத்தான். காபி மேசை மாதிரி அல்ல, சௌனா முறை மாதிரி. உள்ளே ஒரு வீட்டார் இருக்கும்போது இன்னொரு வீட்டார் கதவைத் தள்ளக்கூடாது. தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லத்தான் போகிறேன். அதனால்தான் சேமிப்புப் பெட்டி வாசலில் நின்று பெயர் கேட்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர் உண்டு. முதலில் ஆண்டும் மாதமும், பிறகு தலைகீழாக எழுதிய முகவரி, கடைசியில் சொந்தப் பெயர். ஸ்வீடன் பிரபுக்களுக்குக்கூட அவ்வளவு நீளம் கிடையாது. பெட்டி முகத்தைப் பார்ப்பதில்லை, பார்க்க முகமும் இல்லை. பெயரைக் கேட்கும், அந்தப் பெயருக்கு எந்தத் துண்டோ அதைத் திறந்துவிடும்.

வசந்தகாலக் கூட்டத்தில் துணி துவைக்கும் அறைக்கும் கணினியில் முறை வைக்க வேண்டும் என்று முடிவானது உனக்கு நினைவிருக்கும். யாரோ யாருடைய ஈரப் படுக்கைவிரிப்பையோ வெளியே எடுத்துப் போட்டுக் குடும்பச் சண்டையாகிவிட்டது. நான் புதுக் கணினியை உருவாக்குவது, மாப்பிள்ளை சேமிப்புப் பெட்டியில் அதற்கொரு துண்டு வெட்டுவது என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தது நீதான். “ரெண்டு பேருக்கும் பொழுது போகட்டும்” என்றாய். போயிற்று. என் பங்கை நான் கண்ணும் கருத்துமாகச் செய்தேன். சௌனாக் கணினி நல்ல கணினி, நல்லதை எதற்கு இரண்டாம் முறை உழைத்துச் செய்வது என்று அதை அப்படியே, ஒரு திருகுகூட மாறாமல் நகலெடுத்து, துணி துவைக்கும் வேலையைச் சொல்லிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை காலை எழுப்பிவிட்டேன். அதற்கு முன்பு மாடிப்படியில் உன் கணவரை நிறுத்திக் கேட்கவும் செய்தேன்.

“மாப்ள, துண்டு தனித்தனியாத்தானே வெட்டினீங்க?”

“கம்பு ரொட்டி வெட்டுற மாதிரி வெட்டி வெச்சிருக்கேன் மச்சான். பழசு பழசுக்கு, புதுசு புதுசுக்கு.”

பேக்கரியில் வேலை பார்த்தவர் ரொட்டியைப் பற்றிச் சொல்கிறாரே என்று நம்பினேன். அன்று முழுக்கச் சேமிப்புப் பெட்டியின் விளக்கு கல்யாண வீட்டுப் பிள்ளை மாதிரி கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது. புதுக் கணினிக்கு உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆறு மணி. அங்கி, துண்டு, ஆவியில் உடம்பைத் தட்டிக்கொள்ள நீ கட்டி அனுப்பிய பிர்ச் இலைக் கொத்து, இவற்றோடு இறங்கினேன். பூட்டு திறந்தது. மேல் படியில் உட்கார்ந்து கல்லில் முதல் அகப்பைத் தண்ணீரை ஊற்றினேன். அது சொய்யென்று சீறி, ஆவி முதுகைத் தடவிய அந்த நேரத்தில் எனக்கு உலகத்தில் ஒருவர் மீதும் புகார் இல்லை. எனக்கே புகார் இல்லையென்றால் பார்த்துக்கொள். அப்போது கதவு திறந்தது. இரண்டாம் மாடி சிர்க்கா டீச்சர், தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர், ரப்பர் பூட்ஸ் போட்டு, தலைக்குட்டை கட்டி, தோளில் சுருட்டிய கந்தல் கம்பளத்தோடும் கையில் பைன் சோப்போடும் நிற்கிறார். நான் இலைக் கொத்தை எடுத்து எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்துக்கொண்டேன்.

“எந்திரிப்பா வொய்த்தோ. இது என் கம்பளத்தோட நேரம்.”

“டீச்சர், இது சௌனா!”

“எனக்குப் படிக்கத் தெரியும். பலகையில ஆறு மணி, சௌனா, கம்பளம்னு போட்டிருக்கு.”

“என் பேரு இல்லையா?”

“இருக்கே, துவைக்கிற பட்டியல்ல. வொய்த்தோ, அறுபது டிகிரி, நல்லா பிழியவும்னு இருக்கு. சீக்கிரம் போ, மெஷின் காலியாத்தான் இருக்கு.”

நான் பதில் யோசிப்பதற்குள் மறுபடியும் கதவு. இந்தத் தடவை உன் கணவர், இடுப்பில் துண்டோடு, தாளில் சுற்றிய கறுப்புத் தொத்திறைச்சியோடு. அவருடைய முறை வியாழக்கிழமை. பலகை இன்றைக்கு என்று சொன்னதாம், சொன்னால் கேள்வியே கேட்காமல் வந்துவிடுவாராம். என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சந்திரன்.

“அடடே, நல்லதாப் போச்சு மச்சான்! எல்லாரும் சேந்தே இருப்போம். தள்ளி உக்காருங்க, கம்பளத்துக்கும் இடம் வேணும்ல?”

“சாத்துய்யா கதவை! ஆவி போகுது!” என்று டீச்சர் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூட ஞாபகம் வந்து இருவரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். டீச்சர் கம்பளத்தைக் கீழ்ப் படியில் விரித்து, பூட்ஸோடு ஏறி நின்று தேய்க்க ஆரம்பித்தார். இடையில் என் இலைக் கொத்தைக் கையிலிருந்து வாங்கி அதாலேயே கம்பளத்தை நாலு சாத்துச் சாத்தினார். நான் என்ன நிலையில் இருந்தேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது.

அங்கியை மாட்டிக்கொண்டு பதுங்கிடத்துக்கு ஓடினேன். பின்னாலேயே ரெய்யோவும் டீச்சரும். சேமிப்புப் பெட்டியைக் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டது. இரண்டு கணினிகளும் ஒரே துண்டில்! சௌனாத் துண்டில்! இது எழுதியதன் மேல் அது எழுதி, அது எழுதியதை இது பார்க்காமல் மறுபடி எழுதி, இரண்டும் இந்த வட்டு தனக்கே தனக்கு என்ற நம்பிக்கையில் ராவும் பகலும் உழைத்திருக்கின்றன. யாருக்கு எந்த முறை என்ற கணக்கு, அர்மாஸ் காலத்திலிருந்து வந்தது, கூழாகிவிட்டது. காப்பு நகல் இல்லையா என்று கேட்பாய். இருந்தது. அதே துண்டில் இருந்தது. அந்தப் பேச்சை விடு.

“மாப்ள, ரெண்டையும் ஒரே துண்டுல விட்டிருக்கீங்களே!”

“நான் எங்க மச்சான் விட்டேன்? அப்படியே விட்டிருந்தாத்தான் என்ன? தால்கோத் அன்னிக்கு முற்றம் பெருக்குறப்ப ஒரே வாரியை மாத்தி மாத்திப் பிடிக்கலையா நாம? பகிர்ந்துக்கட்டுமே.”

கேட்டாயா? ஊர் கூடிக் கூலியில்லாமல் செய்யும் கூட்டு வேலைக்கும் வட்டுக்கும் முடிச்சுப் போடுகிறார்! ஒரே வாரியை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். ஒரே காலுறையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் போடலாமா? வாக்குமூலமே கொடுத்தாகிவிட்டது, இனி விசாரணை எதற்கு? இதற்கு மேலும் ஒன்று சொன்னார், அதுதான் என்னைப் பேனா எடுக்க வைத்தது.

“எழுதினதெல்லாம் போச்சுன்னா ஈசிதான் மச்சான். வியாழக்கிழமைக் கூட்டத்துல சீட்டுப் போட்டு எடுத்துருவோம். யாருக்கு எது வருதோ அது.”

டீச்சர் உடனே, “எனக்குச் சம்மதம்” என்கிறார்! அவருக்கு இப்போது இருப்பது செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி, கல் ஆறிப்போய்ப் பூனை படுத்துத் தூங்கும் நேரம். சம்மதிக்காமல் என்ன செய்வார்? சீட்டில் எனக்கு அந்தச் செவ்வாய் வந்தால், ஹெல்கா, நான் மிச்சக் காலத்தை வாளித் தண்ணீரில் குளித்தே கழிப்பேன். அந்தப் பழி உன் வீட்டைத்தான் சேரும். ஆகவே நடக்க வேண்டியவை இவை, செய்ய வேண்டியவர்கள் இவர்கள்.

ஒன்று, தலைவியாகிய நீ காளானை அப்படியே போட்டுவிட்டுப் புதன்கிழமைக்குள் வந்து, சீட்டுப் போடுவதை ரத்து செய்து, சனிக்கிழமை ஆறு மணி வொய்த்தோவுடையது என்று அறிவிக்க வேண்டும்.

இரண்டு, ரெய்யோ பதுங்கிடத்துச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டு, இனி நெட்வொர்க் கேபிள் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது.

மூன்று, ரெய்யோ படிக்கட்டு அறிவிப்புப் பலகையில் தன் கைப்பட மன்னிப்பு எழுதி மாட்ட வேண்டும். சௌனாவில் பாதி வெந்த டீச்சரின் கம்பளத்தை ஏரிப் படித்துறைக்குத் தூக்கிப்போய் முழங்கால் போட்டுத் துவைத்துத் தரவும் வேண்டும்.

நான்கு, ரெய்யோ செவ்வாய்க்கிழமை இரண்டு மணியை ஆயுளுக்கும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஐந்து, டீச்சர் என் இலைக் கொத்தைத் திருப்பித் தர வேண்டும். இலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, காம்பாவது வேண்டும்.

அர்மாஸ் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் என் பக்கம்தான் நின்றிருப்பார்.

உன் கூடை காளானால் நிறையட்டும், உன் வலையில் மீன் துள்ளட்டும், ஏரி உறைவதற்குள் துடுப்புப் படகைக் கரையேற்ற நல்ல ஆள் கிடைக்கட்டும். அந்த ஆள் உன் கணவராக இருக்க வேண்டாம்.

உரிமையும் கோபமும் உள்ள அண்ணன்,
வொய்த்தோ

பி.கு. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ரெய்யோ நேற்றுச் சாப்பிடாத தொத்திறைச்சியைச் சுடவைத்து, லிங்கன்பெர்ரி ஜாமோடு கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே, “மச்சான், கோவிச்சுக்காம ஒண்ணு கேக்கட்டா? கீழ போய்ப் பாத்தேன். நான் புதுசா வெட்டின துண்டு கைபடாம அப்படியே கெடக்கு. உங்க ரெண்டு மெஷினும் வாசல்ல ஒரே பேரைச் சொல்லுதே, அது ஏன்?” என்றார். இறங்கிப்போய்ப் பார்த்தேன். ஆண்டு, மாதம், தலைகீழ் முகவரி, சொந்தப் பெயர், எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரு திருகுகூட மாறாமல் நகலெடுத்தால் பெயரும் மாறாது என்பதை அந்தப் புத்தகத்தில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்த பக்கத்தை நான் புரட்டியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டி பாவம், பழைய கணினிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று நினைத்து இரண்டுக்கும் பழைய துண்டையே திறந்துவிட்டிருக்கிறது.

இருந்தாலும் எழுதியதை அடித்துத் திருத்தும் வழக்கம் எனக்கு இல்லை. குற்றச்சாட்டுகள் எல்லாம் சரியானவையே, ஆள் மட்டும் மாறுகிறார். ஆகவே மேலே ரெய்யோ என்று இருக்கும் இடத்திலெல்லாம் வொய்த்தோ என்று படித்துக்கொள். படித்தால் கடிதத்தில் இரண்டு வொய்த்தோக்கள் வருவார்கள், ஒருவர் உன் அண்ணன், ஒருவர் உன் கணவர், என் ஆறு மணியை நானே பறித்து, என்னை நானே மாப்ள என்று கூப்பிட்டு, யார் உள்ளே யார் வெளியே என்று உனக்குத் தலை சுற்றும். சுற்றட்டும். அந்தப் பெட்டிக்கும் வெள்ளிக்கிழமை முழுக்க அப்படித்தான் சுற்றியது. கம்பளத்தை நானே துவைக்கிறேன். டீச்சர் விஷயம் கேள்விப்பட்டு பிரஷை என் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான்காவது மட்டும் மாற்ற வேண்டாம். அங்கே ரெய்யோ ரெய்யோவாகவே இருக்கட்டும்.