கடைவாய்ப் பல்லும் முன்னறையும்

பேச்சில் என்னை ஜெயிக்க ஆள் இன்னும் பிறக்கவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்பவன் நான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டு என்று மார்தட்டியவரிடமே ஒன்றை விற்றுவிட்டு வந்திருக்கிறேன். என் மனைவி தையல்காரி. அவள் பேசுவது குறைவு. பாதி நேரம் உதட்டில் குண்டூசி இருக்கும்.

அவளுக்கு எங்கள் முன்னறை வேண்டுமாம், தையல் வகுப்பு நடத்த. அங்கே என் பழைய ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்றும் பாடாது. அதனால் என்ன? நானும்தான் பாடமாட்டேன், என்னை வைத்துக்கொண்டிருக்கவில்லையா?

கடைசியில் பந்தயம் என்று ஆனது. ஒரு மாதம் நான் சிகரெட்டைத் தொடாவிட்டால் அறை எனக்கு, தொட்டால் அவளுக்கு. உடனே ஒப்புக்கொண்டேன். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் எவன் பார்க்கப் போகிறான்?

மாதம் முடியப்போகிற நேரத்தில் கடைவாய்ப் பல் காலை வாரியது. பல் டாக்டர் அதைப் பிடுங்கிவிட்டுச் சொன்னார்: "குழியில ரத்தம் உறைஞ்சு மூடியிருக்கும். அது இருந்தாத்தான் புண்ணு ஆறும். எதையும் உறிஞ்சாதீங்க. ஸ்ட்ரா வேண்டாம், சிகரெட் கூடவே கூடாது. உறைஞ்சது பேந்துட்டா, வலி உயிரை எடுத்துடும்."

மறுநாளே தொட்டிக்குப் பின்னால் போனேன். ஒன்றே ஒன்றுதான். அதையும் எச்சரிக்கையாக இடது பக்கமாகவே இழுத்தேன். பல் போனது வலது பக்கம்.

அடுத்த நாள் வலி வந்தது. தாடையில் கிளம்பி, காதைத் தொட்டு, உச்சி மண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"ஏங்க, ஏன் தலகாணியைக் கடிக்கிறீங்க?"

"சும்மாதான்."

"வலிக்குதா?"

"யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு. எழுந்திரிங்க, டாக்டர்கிட்ட போலாம்."

போகிற வழியிலேயே என் திட்டம் தயார். பழியை ஸ்ட்ராவின் மேல் போட்டுவிட வேண்டியதுதான்.

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். "குழி காலியா கிடக்கே. சிகரெட் பிடிச்சீங்களா?"

"அந்த நாத்தமே எனக்கு ஆகாது டாக்டர். பழச்சாறு குடிச்சேன். மறந்துபோய் ஸ்ட்ரா போட்டுட்டேன்."

"எப்போங்க?" என்றாள் மனைவி.

"நீ கடைக்குப் போயிருந்தப்ப."

"வீட்டுல ஸ்ட்ரா ஏது?"

"வாங்கினேன்."

"பழம்?"

"அதுவும்தான்."

"எனக்கு ஒண்ணுகூட வைக்கலையே" என்றதோடு விட்டுவிட்டாள். என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

டாக்டர் குழியைக் கழுவி மருந்துப் பஞ்சு வைத்தார். வலி பாதியாகக் குறைந்தது. "நீங்க வெளிய உக்காருங்க. என்ன செய்யணும்னு அம்மாகிட்ட சொல்லி அனுப்பறேன்" என்றார்.

அவள் கவலை தோய்ந்த முகத்தோடு வந்தாள். "ராத்திரி வரைக்கும் வாயே திறக்கக் கூடாதாம். தலையையும் ஆட்டக் கூடாதாம். பஞ்சு நகர்ந்தா மறுபடியும் அதே வலியாம்."

பட்டவனுக்குத்தானே தெரியும்? வாயை இறுக மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

"இன்னியோட மாசம் முடியுது. பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க. ஆனாலும் பெரிய மனசு பண்ணி முன்னறையை எனக்கே விட்டுக்கொடுக்கறீங்க. அப்படித்தானே? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க."

தொண்டை வரை வந்துவிட்டது. வலியை நினைத்து விழுங்கிக்கொண்டேன். கையை ஆட்டினேன்.

"கையை ஆட்டினா தோள் ஆடும், தோள் ஆடினா தலை ஆடும். வேண்டாங்க." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். "அக்கா, மௌனம் சம்மதம். நீங்கதான் சாட்சி."

"தங்கமான மனுஷன்" என்றார் அக்கா.

இருட்டுவதற்குள் தையல் மெஷின் முன்னறையில் ஏறிவிட்டது. ரேடியோக்கள் மொட்டை மாடிக்குப் போயின. அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அத்தனை இடமிருக்க அங்கே ஏன் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை.

மறுநாள் பஞ்சு மாற்றத் தனியாகப் போனேன். விட்ட அறையை மீட்க ஒரு நாள் பேச்சு போதும் எனக்கு. டாக்டரிடமே ஒத்திகையை ஆரம்பித்தேன்.

"நேத்து நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னதால, டாக்டர், எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் தெரியுமா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"பேசக் கூடாதுன்னு நான் சொல்லவே இல்லையே. இனிமே சிகரெட் பிடிக்கவிடாதீங்கன்னு மட்டும்தான் உங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன்."