லட்சமாவது உலாவுநர்

வரைபடத்தில் தேடினால் கிடைக்காத நாடு அது. தேடிச் சிரமப்பட வேண்டாம், அங்கிருந்து நாம் அதிக தூரத்திலும் இல்லை. அந்நாட்டு மன்னருக்குக் காலையில் உலாவும் வழக்கம் இருந்தது. மன்னர் உலாவும்போது குடிகள் சும்மா இருக்கலாமா? அரண்மனை வாசலில் தொடங்கி ஊர் ஊராக நீளும்படி, வழவழப்பான கல்லில் ஓர் உலாப்பாதை போட உத்தரவானது. அதற்காக உல்லாசத் துறை என்று ஒரு துறையும், கீர்த்திவாசர் என்று ஓர் அமைச்சரும் முளைத்தார்கள்.

பாதை கூழாங்குறிச்சிக்கு வந்து சேர்ந்தது. சின்ன ஊர். பாதை அதன் நட்டநடுவே போனதில் கீழத்தெரு ஒரு பக்கம், மேலத்தெரு மறுபக்கம் என்றாகிவிட்டது. அகலம் என்னவோ எட்டடிதான். ஆனால் பலகையில் இப்படி எழுதியிருந்தது: 'நெடுக நடப்பவர் உலாவுநர். குறுக்கே நடப்பவர் அத்துமீறுபவர். ஏறிய பக்கத்திலேயே இறங்குக. மீறினால் ஆறு மாதச் சிறை.' எதிர்வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் தெற்கே பாதை முடியும் இடம்வரை அதன்மேலேயே நடந்து, முனையைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாகத் திரும்பி வந்தார்கள். அப்போது முனைக்கு அரை மணி நேர நடை.

ஊரார் மனுக் கொடுத்தார்கள். அமைச்சர் நேரிலேயே வந்தார்.

"சென்ற மாதம் மட்டும் இப்பாதையில் உலாவியோர் இருபதாயிரம்! தலைநகரில்கூட இத்தனை பேர் உலாவியதில்லை. உங்கள் ஆர்வத்தைக் கேள்விப்பட்டு மன்னர் கண்கலங்கிவிட்டார்."

"ஆர்வமெல்லாம் இல்லீங்கய்யா. எதிர்வீட்டுக்குப் போக வேற வழியில்லாம நடக்கோம்" என்றாள் செண்பகவடிவு. இரண்டு தெருவுக்கும் அவள்தான் மருத்துவச்சி. வீடு கீழத்தெருவில்.

"மக்களின் ஆர்வத்துக்குக் காரணம் கேட்பது இவ்வரசின் மரபல்ல" என்றார் அமைச்சர். பாதை மேலும் நீட்டப்பட்டது.

நீட்ட நீட்ட ஜனங்கள் அதிகம் நடந்தார்கள். அதிகம் நடக்க நடக்க இன்னும் நீட்டினார்கள். நடுவில் ஊர்ச்சபைத் தேர்தல் வந்தது. ஒரு கட்சி பாதையை நீளமாக்குவோம் என்றது, மற்றது அகலமாக்குவோம் என்றது. நீளம் ஜெயித்தது. முனை இப்போது ஒரு மணி நேர நடையில் இருந்தது. போக ஒரு மணி, வர ஒரு மணி.

அந்த ஊரிலேயே மாசானம் என்பவனைப் பாதைக் காவலனாக நியமித்திருந்தார்கள். அவன் கழுத்தில் அரசாங்க விசில் தொங்கியது. வேலை கிடைத்தபோது அவனும் அவன் மனைவி பூரணமும் பட்ட சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவன் நிற்க வேண்டிய இடம், மேலத்தெருவில் இருந்த அவன் வீட்டுக்கு நேர் எதிரே, பாதையின் கீழத்தெருப் பக்கம்.

பூரணத்துக்கு ஒரு நாள் காலையில் வலி கண்டது. உச்சிவேளையாகியும் பிள்ளை பிறக்கவில்லை. அவள் அம்மா மேலத்தெரு ஓரத்தில் வந்து நின்று கத்தினாள்.

"வடிவு! பிள்ள தலை திரும்பலையே! ஓடி வா தாயி!"

செண்பகவடிவு பையைத் தூக்கிக்கொண்டு பாதையின் விளிம்புக்கு ஓடி வந்தாள். மாசானம் குறுக்கே நின்றான்.

"ஏய், தள்ளு. உன் பொண்டாட்டிதான்டா உள்ள கிடக்கா."

"மதினி, அமைச்சர் இன்னைக்கு ஊர்ல இருக்காரு. விட்டேன்னு தெரிஞ்சா ஆறு மாசம் உள்ள போட்டுருவாங்க. வேலையும் போயிரும். பிறக்கப்போற பிள்ளைக்கு நான் என்ன செய்ய? சுத்திப் போயிருங்க மதினி, உங்க கால்ல விழுதேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வாதாட நேரமில்லை. தெற்கே ஓடத் தொடங்கினாள். கொண்டை அவிழ்ந்தது. மூச்சு வாங்கியது. ஐம்பது வயது உடம்பு, எங்கும் நிற்காமல் ஓடியது.

முனையில் பந்தல் போட்டிருந்தது. மேளம் முழங்கியது. நான்கு பேர் அவளைப் பிடித்து நிறுத்தி மாலை போட்டார்கள்.

"வாழ்க! இப்பாதையின் லட்சமாவது உலாவுநர் தாங்கள்தான்!" என்றார் கீர்த்திவாசர். "உலாவக்கூட இல்லை, ஓடியே வருகிறார்! என்ன உற்சாகம்!"

"ஐயா, அங்க ஒரு உசிரு போராடுது. என்னைய விடுங்கய்யா!"

"பரிசு வாங்காமல் போவதா? கேளுங்கள், என்ன வேண்டும்?"

"வழி! வழிய விடுங்க, போதும்!"

அமைச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீர்களா? பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. வழி கேட்கிறார்! இதோ, பாதை இன்னும் இரண்டு காதம் நீட்டப்படுகிறது!"

கைதட்டல் ஓய வெகுநேரமானது. பிறகு அமைச்சர் உரையாற்றினார். உரை முடியும்வரை அவளை இருவர் மரியாதையாகப் பிடித்திருந்தார்கள்.

செண்பகவடிவு மேலத்தெருவுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் மாசானம் உட்கார்ந்திருந்தான். மடியில் துணியில் சுற்றிய குழந்தை. அது அழவில்லை. உள்ளே பூரணம் பிழைத்துக் கிடந்தாள்.

"நீ எப்படிடா இந்தப் பக்கம் வந்த?"

"சத்தம் நின்னுபோச்சு மதினி. தாண்டி வந்துட்டேன்."

எட்டடியைத் தாண்டி வந்தவனை யாரும் தடுக்கவில்லை. விசில் அவன் கழுத்தில்தான் கிடந்தது, ஊத வேறு ஆளில்லை. செண்பகவடிவைத் தடுத்தபோதும் வேறு ஆளிருக்கவில்லை. அதை நினைத்துத்தான் அவன் தலையில் அடித்துக்கொண்டான் என்று நினைக்கிறேன். எனக்கும் ஆறவில்லை.

பாதை இன்னும் எட்டாத பனையடியூரில் அடுத்த வாரமே ஒரு பெரிய படம் வைத்தார்கள். துறையின் ஓவியர் பந்தலடியில் வரைந்தது. தலைமுடி பறக்க, வாயைத் திறந்தபடி செண்பகவடிவு ஓடி வருகிறாள். கீழே, 'சிரித்து மகிழ்ந்து ஓடும் கூழாங்குறிச்சி' என்று எழுதியிருந்தது.

சந்தைக்கு வந்த ஒருத்தி அதை அண்ணாந்து பார்த்தாள்.

"கொடுத்து வச்ச ஊரு. நமக்கு என்னைக்கு வருமோ" என்றாள்.

பாதை கேட்டு எழுதியிருந்த மனு பக்கத்து மேசையில் இருந்தது. அதில் கைநாட்டு வைத்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கத்திலிருந்த தன் வீட்டுக்கு நடந்து போனாள்.