என் இல்லத்தில் நானே அட்மிட்டான கதை

தாழ்மையை நாலு பேர் பார்க்கும்படி செய்துகாட்டப் புறப்பட்டால், அது நேரே இடுப்பில் வந்து பிடித்துக்கொள்ளும். இதை நான் எந்தத் தியானத்திலும் கற்கவில்லை. ஹந்தானைச் சரிவில் இருக்கும் எங்கள் முதியோர் இல்லத்தின் சிவப்புச் சீமெந்துத் தரையில், ஒரு பெரிய வியாழனன்று, மல்லாந்து கிடந்தபடி கற்றுக்கொண்டேன்.

நான் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். வருத்தம் குணமாகியும் கூட்டிப்போக ஆளில்லாமல் வார்டில் கிடக்கும் வயசாளிகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெந்துபோயிருந்த காலத்தில், ஒரு ஞாயிறு பூசையின் நடுவே, கடவுள் என்னைக் கூப்பிடுகிறார் என்று பளிச்சென்று தெரிந்தது. வேலையை விட்டேன். இல்லம் தொடங்கினேன். "கூப்பிட்டது சரி, பென்ஷனைப் பத்தியும் ஒரு வார்த்தை கேட்டுட்டு போனை வச்சிருக்கலாமே" என்றார் என் கணவர். (பள்ளிக்கூட ஆசிரியர். இன்றுவரை இதே பகிடிதான். புதிதாக ஒன்றைப் பாடமாக்கவும் மாட்டார்.)

அழைப்பில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அழைக்கப்பட்டவள்தான் தலைகால் தெரியாமல் ஆடினாள். அப்போது எனக்கு நாற்பது வயது, கணீரென்ற குரல், கையில் ஒரு விசில் மட்டும்தான் குறை. சீனியில்லாத தேத்தண்ணி என் சட்டம். உப்பில்லாத கஞ்சி என் சட்டம். திங்கட்கிழமை தோறும் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து 'விழாமல் இருப்பது எப்படி' என்று வகுப்பெடுப்பேன். பாதிப் பேர் தூங்குவார்கள். மீதிப் பேர் தூங்குவதற்கு இடம் பார்ப்பார்கள்.

அந்த வகுப்பில் தூங்காமல் என்னைத் திருத்திக்கொண்டே இருப்பவர் ஒருவர்தான். செல்லத்துரை மாஸ்டர், யாழ்ப்பாணத்தார், கண்டியிலே படிப்பித்து ஓய்வுபெற்றவர். வெயில் நாளிலும் சொக்ஸைக் கழற்றமாட்டார். இன்னொருவர் மாரியாயி அம்மா. ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்து வந்தவர், ஆயுசு முழுக்கக் கொழுந்து பறித்தவர். நான் எதைச் சொன்னாலும் "சரிங்க மிஸ்" என்பார், பிறகு தன் இஷ்டப்படி செய்வார்.

இந்த நேரத்தில்தான் இல்லத்துக்கே ஆபத்து வந்தது. வீடு எங்களுடையதல்ல. கலகெதரயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாருடையது. அவருடைய உம்மா கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு. குத்தகை முடியப் போகிறது, மகன்மார் இதைச் சுற்றுலாக்காரருக்கு விடும் ஹோட்டலாக்கத் துடிக்கிறார்கள் என்று செய்தி. ஹாஜியார் போன் எடுத்தார். "வியாழக்கிழம காலையில வாறேன் மிஸ். ஒருக்கா பார்த்துட்டு முடிவச் சொல்றேன்." அவர் மறுத்துவிட்டால் என் வயசாளிகள் எல்லோரும் நடுத்தெருவில். மாரியாயி அம்மாவுக்கு லயத்து அறைகூட மிச்சமில்லை, அதில் வேறு குடும்பம் வந்துவிட்டது.

அந்த வியாழன் பெரிய வியாழன். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய நாள். எனக்கு மின்னல் வெட்டியது. ஹாஜியார் உள்ளே வரும்போது நான் முழங்காலில் நின்று ஒரு முதியவரின் காலைக் கழுவிக்கொண்டிருந்தால்? எந்த மனுஷனுக்கு அதன்பிறகு வீட்டைப் பிடுங்க மனம் வரும்? "ஆண்டவரே, உம்முடைய மகிமைக்காக" என்று செபித்தேன். அதே மூச்சில் சமையல்காரியிடம், "ஹாஜியார்ட கதிரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் போடு, தூண் மறைக்குது" என்றேன்.

ஏற்பாடு பிரமாதம். புது எனாமல் பேசின். இடுப்பில் வெள்ளைத் துவாய். வெந்நீரில் ரோசாப்பூ இதழ். வயசானவர்களின் பாதம் வெடித்திருக்குமே என்று குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெயும் தாராளமாக ஊற்றினேன். (ஈரத் தரையின் அபாயம் பற்றி வாராவாரம் தொண்டை கிழியப் பேசியவள் இதைச் செய்தாள் என்பதை மறக்கவேண்டாம்.) பெரியவர்களோ அதற்கு முன்பே தாங்களாகக் காலைக் கழுவிவிட்டார்கள். மாரியாயி அம்மா குழாயடியில் கல்லை வைத்துத் தேய்த்த தேய்ப்பில் பாதம் பளபளத்தது. "அழுக்குக் காலையா மிஸ்கிட்ட நீட்டுறது?" மாஸ்டர் சொக்ஸோடேயே வந்து உட்கார்ந்தார். "நான் கழுவிப்போட்டுத்தான் வந்தனான். நீர் வேணுமெண்டால் சொக்ஸைக் கழுவும்."

மேலே வீதியில் வாகனச் சத்தம் கேட்டது. பொத்தென்று முழங்காலில் விழுந்தேன். அது மரக்கறி லொறி. எழுந்தேன். மறுபடி சத்தம், மறுபடி முழங்கால். அது பக்கத்து வீட்டுக்கு வந்த ஓட்டோ. இப்படி நான் விழுந்து விழுந்து எழும்ப, மாஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "மேட்ரன், இது சிலுவைப்பாதையோ, கால் கழுவலோ?" என்று கேட்டார். முறைத்தேன்.

கடைசியில் ஹாஜியாரே வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசற்படியில் நின்ற வெள்ளை உடுப்பைக் கடைக்கண்ணால் பார்த்தேன். இதுதான் தருணம். உலகத்துப் பரிசுத்தம் எல்லாவற்றையும் முகத்தில் வரவழைத்துக்கொண்டு மாரியாயி அம்மாவின் பாதத்தைப் பிடித்தேன்.

"அய்யய்யோ! என்னா காரியம் பண்றீங்க மிஸ்!" வீடே அதிர்ந்தது. "நீங்க போயி என் காலத் தொடுறதா? எனக்குப் பாவம் வந்துரும்!"

காலை உருவிக்கொண்டார். அதோடு விட்டாரா? வந்த பாவத்தை அந்த இடத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டாமா? திருப்பி என் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தார். என் காலோ எனக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அதை எட்டிப் பிடிக்க அவர் பாய, ஹாஜியார் பார்க்கிறாரா என்று நான் தலையைத் தூக்க, இரண்டு மண்டையும் தேங்காய் மோதின மாதிரி 'டங்' என்று மோதின.

அவர் கதிரையில் போய் விழுந்தார். நான் பின்பக்கமாகச் சாய்ந்து, முழங்கையால் பேசினைத் தட்டிவிட்டேன். எண்ணெயும் ரோசாப்பூவும் கலந்த வெந்நீர் மெழுகு போட்ட தரையில் வழிந்து, நேரே வாசலுக்கு ஓடி, ஹாஜியாரின் இரண்டு பாதங்களையும் நனைத்துவிட்டுப் படியிறங்கியது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கால்விரலில் ஒட்டிய ரோசா இதழைப் பார்த்தபடி நின்றார். நான் துள்ளி எழும்பப் போனேன். இடுப்பில் 'கடக்' என்றது. அவ்வளவுதான், ஆள் அசையவில்லை.

"ஒருத்தரும் எழும்பப்படாது!" மாஸ்டர் எழுந்து நின்றே கத்தினார். "தரை ஈரம்! திங்கட்கிழமை என்ன படிச்சனியள்?"

"ஈரத்துல கால் வைக்கக் கூடாது!" என்று முழுக் கூடமும் ஒரே குரலில் சொன்னது. (வகுப்பில் ஒரு நாளாவது இப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் இல்லையா?)

"எனக்கு ஒண்ணுமில்ல, நான் எழும்புறேன்" என்று முனகினேன்.

"விழுந்த ஆள் தானாக எழும்பப்படாது, மேட்ரன். அது நீர் போட்ட சட்டம். இப்ப நீர் பேஷன்ட். பேஷன்ட் கதைக்கப்படாது."

சமையல்காரி, இரண்டு பணிப்பெண்கள், ஹாஜியாரின் டிரைவர் என்று நாலு பேர் பெட்ஷீட்டின் மூலைகளைப் பிடிக்க, மாஸ்டர் என் வகுப்பை வரிக்கு வரி ஒப்பித்துக் கட்டளையிட, பக்கத்து அறையின் ஜன்னலோரத்து வெறுங்கட்டிலில் என்னை ஏற்றினார்கள். டொக்டர் வந்து பார்க்கும்வரை அசையக்கூடாது. அதுவும் என் சட்டம்தான். ஆகவே கொஞ்ச நேரத்தில், காலையிலிருந்து பதற்றத்தில் குடித்த தேத்தண்ணியெல்லாம் தன் வேலையைக் காட்டியபோது, மாரியாயி அம்மா நெற்றி வீக்கத்தோடு பெட்பானைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேணாம்மா, கெஞ்சிக் கேக்குறேன். வெளியில ஹாஜியார் இருக்காரு."

"இதுல வெக்கப்பட என்னா இருக்கு? நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க? நல்ல புள்ள மாதிரி இடுப்பத் தூக்குங்க பாப்போம்."

அந்த 'நல்ல புள்ள' இருக்கிறதே! அதே வார்த்தையை, அதே ராகத்தில், நான் அவருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பிறகு சீனியில்லாத தேத்தண்ணி கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. "சீனி..." என்றேன். "உங்க உடம்புக்குத்தான் மிஸ்" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். முதலில் மாரியாயி அம்மா வாயைப் பொத்தினார், பிறகு மாஸ்டர் கனைத்தார், பிறகு வீடு முழுக்கக் கெக்கலி கொட்டிச் சிரித்தது. பொக்கை வாய்கள் எல்லாம் திறந்துகிடந்தன. நான் வீடு போய்விட்டதே என்று நெஞ்சு வெடிக்கப் படுத்திருக்கிறேன், இவர்கள் சிரிக்கிறார்கள்!

அப்போதுதான் ஹாஜியார் ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப்போட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"லுஹர் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கணும்னு நெனச்சிட்டு வந்தேன் மிஸ். நீங்களே என்ட கால கழுவிட்டீங்க."

"மன்னிச்சிருங்க ஹாஜியார். நான் வேற மாதிரி நெனச்சேன்..."

"தெரியும். கதிரையப் போட்டீக்கிற விதத்திலயே வெளங்கிட்டு." சிரித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். குரல் மாறிவிட்டது. "உம்மா இந்த அறையிலதான், இந்த ஜன்னலுக்குக் கிட்டத்தான் படுத்தாங்க. படுக்கையில இருந்த காலம் முழுக்க இந்த ஊட்டில ஒருத்தரும் சத்தமாச் சிரிக்கல்ல மிஸ். சிரிச்சாப் பாவம்னு நெனச்சோம். எல்லாரும் மெதுவாக் கதைப்போம், விரல் நுனியில நடப்போம். கடைசியில உம்மாவே கேட்டாங்க. 'ஏன்டா மகன், எல்லாரும் மையத்து ஊடு மாதிரி ஈக்கிறீங்க? நான் இன்னும் மௌத்தாகல்லயே'ன்னு."

சாகும் முன்பே சாவு வீடாகிவிட்ட அந்த அறையைப் படுத்தபடியே சுற்றிப் பார்த்தேன். கூடத்தில் யாரோ 'டங்' என்று வாயால் சத்தம் போட்டுக் காட்ட, மறுபடி சிரிப்பு எழும்பியது.

"மகன்மாரோட நான் கதைக்கிறேன்" என்று எழுந்தார். "ஊடு உங்களுக்குத்தான். ஒரு கண்டிஷன். இனிமே யாருக்கும் முழங்கால் போடாதீங்க."

இடுப்புத் தசை பிடித்துவிட்டது, ஒரு வாரம் படுக்கை என்றார் டொக்டர். வீதிக்கு ஏறும் படிக்கட்டில் என்னைத் தூக்கிப்போக வழியில்லாததால் அந்த வாரம் முழுக்க என் இல்லத்தில் என் சட்டங்களின் கீழ் வாழ்ந்தேன். எழுந்து நடமாடத் தொடங்கியதும் முதல் வேலையாக உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் மேசைக்கு வரவழைத்தேன். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் இல்லை என்றேன். 'நல்ல பிள்ளை' என்ற சொல்லை யாருக்கும் சொல்வதில்லை.

ஆனால் கதை மட்டும் விடவில்லை. கோயிலில் நான் முழங்கால் போடும்போதெல்லாம் என் கணவர் காதருகே வந்து, "டிரைவரைக் கூப்பிடட்டா?" என்பார். என் மகள் சொல்வாள், "அம்மாவுக்கு அங்க ஏற்கனவே ஒரு தரம் அட்மிஷன் இருக்கு, அடுத்தது ரீ-அட்மிஷன்." ஒவ்வொரு பெரிய வியாழனும் ஹாஜியாரிடமிருந்து போன் வரும். "மிஸ், இந்த வருஷம் கால நானே கழுவிட்டேன். சிரமப்படாதீங்க."

இந்த வருஷம் அந்த போன் வரவில்லை. அவரே வந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எந்த மகன் வீட்டில் வைத்துப் பார்ப்பது என்று பேச்சு நடந்தபோது, "என்னய உம்மாட அறைக்குக் கொண்டு போங்க" என்றாராம்.

முதல் நாள் காலை ஒளு எடுக்க அவரால் குனிய முடியவில்லை. அந்நியப் பெண்ணான என் கை பட்டால் ஒளு முறிந்துவிடும், அதனால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து (முழங்கால் இல்லை, கண்டிஷன் கண்டிஷன்தான்) கோப்பையால் அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றினேன். அறையில் ஒரு சத்தமில்லை. பணிப்பெண்கள் விரல் நுனியில் நடந்தார்கள். வயது போய்க் கூனிப்போன மாரியாயி அம்மாகூட வாசலில் பேசாமல் நின்றார். நானும் எதையோ கிசுகிசுத்தேன்.

ஹாஜியார் தன் காலைப் பார்த்தார். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தார். கோணிய வாயால், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"ஏன்... எல்லாரும்... மையத்து ஊடு மாதிரி ஈக்கிறீங்க? நான் இன்னும்... மௌத்தாகல்லயே."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினேன். அப்போது வாசலில் இருந்து மாரியாயி அம்மா, ஒரு கையால் தன் நெற்றியை மூடிக்கொண்டு, "மிஸ், தலயப் பாத்து!" என்று கத்தினார்.

முதலில் சிரித்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பையில் இருந்த மீதித் தண்ணீர் முழுக்க என் மடியில் கொட்டிவிட்டது.